நெருக்கம் 83

மூன்றாவது நோட்டீஸ் காலை ஒன்பது பத்துக்கு வந்தது.

வாசுகி அப்போது பால்கனியில் நின்றுகொண்டு கரூர்க்காரர் ஒருவருக்கு முதுகுத் தலையணை பற்றிச் சொல்லி முடித்திருந்தாள். காதுக்குப் பின்னால் இருந்த பொட்டு இரண்டு முறை அதிர்ந்தது. ஒரு அதிர்வு என்றால் விற்பனை. இரண்டு என்றால் விவகாரம். போனை எடுத்துப் பார்த்தாள்.

வாடிக்கையாளர் ஸ்டெல்லா சேவியர், திண்டுக்கல். நெருக்கம் 83. உறவினர் என்று சந்தேகம். விசாரணை இன்று பிற்பகல் மூன்று மணிக்கு. உறவில்லை என்று நிரூபிக்கத் தவறினால் மூன்று கடைக் கணக்குகளும் மூடப்படும்.

கணவன் லோகநாதன் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தான்.

"திண்டுக்கல்ல நமக்கு யாரிருக்கா?"

"யாரும் இல்லீங்க."

"அப்புறமென்ன? இல்லைன்னு சொல்லிட்டு வா."

"நான் சொன்னா ஆகாதுங்க. சிஸ்டம் ஒத்துக்கணும்."

கோவை கணபதியில் லோகநாதன் வேலை பார்த்த லேத் பட்டறை மூடி நாலு வருஷமாகிறது. அன்றிலிருந்து வீடு ஓடுவது வாசுகியின் பேச்சில்தான். மூன்று கணக்கும் மூடினால் என்ன ஆகும் என்பது இருவருக்கும் தெரியும்; அதை வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை.

இந்தத் தொழில் தெரியாதவர்களுக்கு இரண்டு பத்தி.

சுட்டி என்பது புதிதல்ல. முன்பெல்லாம் ஒரு பொருளைப் பற்றி இணையத்தில் எழுதி, கடைக்குக் கொண்டுபோய் விடும் சுட்டியைக் கீழே போடுவார்கள். அதைத் தொட்டு யாராவது வாங்கினால் எழுதியவருக்கு ஒரு சிறு பங்கு. 2041-இல் எழுதுகிற சிரமமும் போய்விட்டது. காதுக்குப் பின்னால் மிளகு அளவில் ஒரு பொட்டு. நீங்கள் ஒரு பொருளைச் சிபாரிசு செய்து பேசினாலே போதும், கேட்கிறவரின் போனில் சுட்டி போய் விழும். இருபத்து நாலு மணி நேரத்துக்குள் அவர் வாங்கினால் பங்கு உங்களுக்கு.

பேச்சு தொழிலானதும் பேச்சுக்கு விதிகள் வந்தன. ஒவ்வொரு சிபாரிசுக்கு முன்னும், 'இதை நீங்க வாங்கினா எனக்குப் பங்கு வரும்' என்று அறிவிக்க வேண்டும். அது எல்லாக் கடைக்கும் பொது. மற்றபடி கடைக்குக் கடை வேறுபடும். வாசுகிக்கு மூன்று கடை. குபேராவில் விலையைச் சொல்லக் கூடாது. அங்கே விலை நாலு நிமிடத்துக்கு ஒருமுறை மாறும். டக்கரில் இன்னொரு கடையின் பெயரையோ, அங்கே வாங்கிய பொருளையோ அதே பேச்சில் எடுக்கக் கூடாது. பெட்டகத்தில் உறவினருக்குச் சுட்டி கொடுக்கக் கூடாது. ஆளாளுக்கு மாமனுக்கும் மச்சானுக்கும் வாங்கிக் கொடுத்துப் பங்கைப் பிரித்துக்கொண்டதால் வந்த விதி. பிறகு மற்ற இரண்டு கடைகளும் அதை எடுத்துக்கொண்டன.

விதிகள் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் இருக்க வாசுகி வீட்டைப் பிரித்துக்கொண்டாள். டக்கருக்குப் பால்கனி. குபேராவுக்குச் சமையலறை. பெட்டகத்துக்கு ஹால் சோபா. நிற்கிற இடமே நாக்குக்குக் கடிவாளம். லோகநாதன் தட்டை எடுத்துக்கொண்டு, இன்றைக்குச் சோறு எந்தக் கடையில் என்று கேட்பான். ஆறு வருஷமாக ஒரு தப்பும் இல்லாமல் பேசியவள் என்பதால் சனிக்கிழமைகளில் இருபது பெண்களுக்கு விதி வகுப்பும் எடுத்தாள். பழக்கம் எவ்வளவு ஊறிப்போயிருந்ததென்றால், ஒருநாள் ஆட்டோக்காரரிடம் மருதமலை ரோட்டில் போனால் சீக்கிரம் போகலாம் என்று சொல்வதற்கு முன்னால் 'எனக்குப் பங்கு வரும்' என்று சொல்லிவிட்டாள். அந்த ஆள் வண்டியை ஓரம் கட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

அவள் பேசுவது வீட்டில் நோயாளியை வைத்துப் பார்க்கிறவர்களிடம். காற்று மெத்தை, சக்கர நாற்காலி, மூச்சு மெஷின். மாமியார் மூன்று வருஷம் படுக்கையில் கிடந்தபோது கற்றுக்கொண்டதெல்லாம் அதற்கு மூலதனம்.

தொல்லை உறவு விதியில்தான் வந்தது. யார் உறவு, யார் அந்நியம் என்று அடையாள அட்டையை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆட்கள் சுலபமாக ஏமாற்றினார்கள். அதனால் சிஸ்டம் காதால் அளக்க ஆரம்பித்தது. பேச்சைக் கேட்டு 'நெருக்கம்' என்று ஒரு எண் போடும். எழுபத்தைந்தைத் தாண்டினால் சந்தேகம். தொண்ணூறைத் தொட்டால் உறவு என்று முடிவு. அந்த அளவுகோலைச் செய்தவர்கள் எந்த ஊர்க்காரர்களோ தெரியாது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி அவர்களை 'அண்ணா, கொஞ்சம் நகருங்க' என்று ஒருநாளும் கேட்டிருக்க மாட்டாள்.

முதல் மாதம் கோவை முழுக்க எல்லோரும் எல்லோருக்கும் உறவாக இருந்தார்கள். வாசுகிக்கு வாடிக்கையாளர் ஆயிரத்து நூறு பேர். அத்தனை பேரும் சந்தேகப் பட்டியலில். அண்ணா, அக்கா என்று கூப்பிட்டதற்கு முதல் நோட்டீஸ். சரி என்று சார், மேடத்துக்கு மாறினாள். பேச்சை ஆரம்பிக்கும்போது 'சாப்டீங்களா' என்று கேட்டதற்கு இரண்டாவது நோட்டீஸ். அதையும் விட்டாள். சனிக்கிழமை வகுப்பில் ஒரு பலகையே எழுதி மாட்டினாள்: செய்யக் கூடாதவை. எதற்கு எண் அதிகம் ஏறுமோ அது மேலே. பெண்கள் அதைப் பார்த்துப் பார்த்துப் பழகினார்கள். ஒரு வருஷத்தில் காய்கறிக் கடையில்கூட யாரும் யாரையும் அக்கா என்று கூப்பிடுவது குறைந்துபோனது. பொட்டு வைத்தவர் யார், வைக்காதவர் யார் என்று தெரியாதபோது எதற்கு வம்பு.

பொட்டைக் கழற்றினால் அன்றைய கணக்கு நின்றுவிடும் என்பதால் வீட்டுப் பேச்சும் அதன் வழியாகத்தான். ஓசூரில் இருக்கும் தம்பி தினகரன் முன்பு தினம் சாயங்காலம் பேசுவான். ஒருநாள் அவனிடம் விதிகளை எல்லாம் விளக்கி, வேலை நேரத்தில் கூப்பிடாதே, கூப்பிட்டாலும் சுருக்கமாகப் பேசு என்றாள். அவன் சுருக்கிக்கொண்டான். பிறகு விட்டுவிட்டான். கடைசியாகத் தை மாதம் அவிநாசியில் ஒரு கிரகப்பிரவேசத்தில் பார்த்தாள். தண்ணீர் ஹீட்டர் வாங்க வேண்டும் என்றான். அவள் வாய் தானாக அறிவிப்பைச் சொல்லிவிட்டுப் பெட்டகத்தில் ஒன்று நன்றாக இருக்கிறது என்றது. உறவுக்காரன் வாங்கினால் சிஸ்டமே தள்ளிவிடும், தனக்கொன்றும் வராது என்று விட்டுவிட்டாள். இரண்டு நிமிடப் பேச்சு. அதற்குள் பந்திக்குக் கூப்பிட்டார்கள்.

ஸ்டெல்லா வேறு மாதிரி.

ஐம்பத்தைந்து வயது. கணவர் சேவியருக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் வியாதி. எட்டு மாதத்துக்கு முன் மூச்சு மெஷின் வேண்டும் என்று கூப்பிட்டாள். சமையலறையில் நின்று குபேராவின் மெஷினைச் சொன்னாள் வாசுகி. அதன்பிறகு ஸ்டெல்லா தினமும் கூப்பிட்டாள். மேடம் என்றுதான் சொல்ல வேண்டும் என்று கற்றுக்கொடுத்தபடி மேடம்தான். ஆனால் கேட்க ஒன்றும் இல்லாத நாளிலும் கூப்பிட்டாள். இங்கே இவள் வெண்டைக்காய் நறுக்குவாள், அங்கே அவள் ஏதோ கீரை ஆய்வாள், பத்து நிமிடம் இருவரும் பேசாமல் லைனில் இருப்பார்கள். அதுவும் பலகையில் இருந்தது, மேலிருந்து மூன்றாவதாக: பேசாமல் லைனில் இருப்பது. தெரிந்துதான் செய்தாள்.

போன வாரம் சேவியரின் பழைய மாஸ்க் கிழிந்துவிட்டது. குபேராவில் மாற்று மாஸ்க் தீர்ந்திருந்தது. டக்கரில் புதிதாக ஒன்று வந்திருந்தது. விற்பனைப் பக்கத்தில் 'எல்லா மெஷினுக்கும் பொருந்தும்' என்று போட்டிருந்தார்கள். வாசுகி பால்கனிக்குப் போய் அறிவிப்பைச் சொல்லி, அந்த மாஸ்க்கைச் சொன்னாள். உங்களிடம் இருப்பது இன்ன மெஷின், அதற்கு இது சரிதானா என்று பார்த்துக்கொள்வோம் என்று ஒரு வரி பேசியிருக்க வேண்டும். ஆனால் அந்த மெஷின் குபேராவின் பொருள். டக்கர் பேச்சில் எடுக்கக் கூடாது. எடுக்கவில்லை.

பத்து நாற்பதுக்கு ஸ்டெல்லா கூப்பிட்டாள். மாஸ்க் வந்த பெட்டியில் இருந்த டக்கர் அழைப்புப் பொத்தானை அமுக்கியிருந்தாள். அதனால் இது டக்கர் பேச்சு. வாசுகி பால்கனிக்கு நகர்ந்தாள். விசாரணை இருக்கிற நாள். இரண்டு வார்த்தையில் முடித்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

"மேடம், மாஸ்க் அருமையா இருக்கு. காத்து ஒரு பக்கமும் கசியல. எத்தனை நாளாச்சு இந்த மனுஷன் இப்பிடித் தூங்கி. காலையில ஒருவாட்டி எந்திரிச்சுத் தலைவலின்னாரு. மறுபடி மாட்டிக்கிட்டுப் படுத்தவரு, இன்னும் அசையல. மூஞ்சியெல்லாம் செவந்து வேர்த்துக் கெடக்கு. ஃபேனைக் கூட்டி வைக்கலாமா?"

காற்று ஒரு பக்கமும் கசியவில்லை என்பதை லோகநாதனும் ஸ்பீக்கரில் கேட்டான். இருபத்தைந்து வருஷம் இரும்பில் துளை போட்டவன். மேஜையில் இருந்த டேப்லெட்டில் டக்கர் பக்கத்தைத் திறந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். பிறகு எழுந்து பால்கனிக் கதவுக்கு வந்து, பொட்டின் மைக்கைக் கையால் பொத்தினான்.

"இதுல ஓட்டையே இல்ல."

"எதுலீங்க?"

"மாஸ்க்குல. குழாய் ஒண்ணுதான் வருது, அதுல காத்து உள்ள போகுது. விட்ட மூச்சு வெளிய போறதுக்குப் பழைய மாஸ்க்குல சின்னச் சின்ன ஓட்டை இருந்துச்சு. அம்மாவுக்குப் போட்டமே, அதுலயும் இருந்துச்சு. இதுல இல்ல. இது ஆஸ்பத்திரியில ரெண்டு குழாய் மெஷினுக்குப் போடுறது. விட்ட மூச்சையே திரும்ப இழுத்துக்கிட்டிருக்காரு அந்த மனுஷன்."

வாசுகி அவன் கையை விலக்கினாள். தலைவலி, சிவப்பு, வியர்வை, எழுப்ப முடியாத தூக்கம். விட்ட மூச்சு உள்ளேயே தங்கினால் இதெல்லாம் வரும் என்று மாமியாரின் டாக்டர் ஒருமுறை வரிசையாகச் சொல்லியிருந்தார்.

"மேடம், அந்த மாஸ்க்கைக் கழட்டுங்க," என்றாள்.

பொட்டு சுரீர் என்றது. காதுக்குள் ஒரு பெண் குரல்: கடையின் பொருளைப் பயன்படுத்த வேண்டாம் எனச் சொல்வது விதிமீறல். புகார்ப் பிரிவுக்கு அனுப்பவும்.

"என்ன சொன்னீங்க மேடம்? மழ பெய்யிற மாதிரி கேட்டுச்சு."

வெட்டு. விதியை மீறும் சொல் பொட்டைத் தாண்டாது. அதற்குப் பதில் இதமான மழைச் சத்தத்தை அனுப்பிவிடும்.

உங்கள் மெஷினுக்கு இது ஆகாது என்றாள். வெட்டு, பிற கடைப் பொருள். டாக்டரைக் கூப்பிடுங்கள் என்றாள். வெட்டு, மருத்துவ ஆலோசனை. அவரை எழுப்புங்கள் என்றாள். அது போய்ச் சேர்ந்தது. ஆனால் எதற்கு என்று கேட்டாள் ஸ்டெல்லா, பாவம் தூங்கட்டுமே என்றாள். எதற்கு என்பதைச் சொன்னால் மழை பெய்தது.

லோகநாதன் தன் போனை எடுத்தான். "நம்பர் சொல்லு. நான் பேசறேன்."

"கடை நம்பரை மறைச்சிருமுங்க. எனக்கே தெரியாது."

"அட்ரஸ்?"

"மலைக்கோட்டைக்குப் பின்னாடின்னு ஒருதடவை சொன்னாங்க. அவ்வளவுதான்."

அவன் பொட்டருகே குனிந்து தானே கத்திப் பார்த்தான். வீட்டில் இருக்கிறவர் குரலுக்கும் அதே வெட்டு. பொட்டைக் கழற்றினால் லைன் போய்விடும். திரும்பக் கூப்பிட வழியில்லை.

ஸ்டெல்லா, சிக்னல் சரியில்லை போலிருக்கிறது, மத்தியானம் கூப்பிடுகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

வாசுகி போன் திரையைப் பார்த்தாள். ஓரத்தில் சின்னதாக அந்த எண் இருந்தது. 83.

உறவினருக்கு வெட்டு கிடையாது. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு கணவன் மனைவி சண்டையில் பாதியைப் பொட்டு வெட்டிவிட, மீதிப் பாதியை மட்டும் கேட்டு விவாகரத்து வரை போய், கோர்ட்டுக்கு வந்து, குடும்பத்துக்குள் பேசுவதை யாரும் தொடக் கூடாது என்று சட்டமே ஆகியிருந்தது. தொண்ணூறு. இன்னும் ஏழு.

நாலு மணி நேரம் கழித்து, இவள் எனக்கு யாருமில்லை என்று நிரூபிக்க வேண்டும். அது நினைவுக்கு வந்தது. லோகநாதனைப் பார்த்தாள். அவன் அவள் பார்ப்பதையும் எண்ணையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சரி என்று தலையை ஆட்டினான்.

சனிக்கிழமைப் பலகை மனப்பாடம். அதைக் கீழேயிருந்து படிக்க ஆரம்பித்தாள்.

"ஸ்டெல்லாக்கா, வெச்சிராத."

84.

"என்ன மேடம், புதுசா அக்கான்னு…"

"மேடம் கிடையாது. வாசுகி. சாப்டியா?"

"இன்னும் இல்ல." ஸ்டெல்லாவின் குரல் தயங்கியது. "இவரு எந்திரிக்கட்டும்னு…"

85.

"மணி பத்தே முக்கால். ஆம்பள எந்திரிச்சாத்தான் சோறா? வெறும் வயித்துல நின்னுக்கிட்டு எனக்குப் போன் பண்ற. உனக்கு அறிவிருக்கா?"

86. திட்டுவதற்கு அதிகம் ஏற வேண்டும். ஏறவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தால்தான் முழு எண். வகுப்பில் அவளே சொல்லிக்கொடுத்திருந்தாள்: நீங்கள் மட்டும் பேசினால் கோபம், அவர்களும் பேசினால் உறவு.

ஸ்டெல்லா பதில் பேசவில்லை. காயப்பட்ட மாதிரி ஒரு சின்ன மூச்சு மட்டும் கேட்டது. லைனை வைத்துவிடுவாள்.

பலகையின் முதல் வரி மீதமிருந்தது.

"உன் பையன் கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிட்டியா நீ?" என்றாள் வாசுகி. "சித்திரை மாசம் முடிச்ச. புடவை கலரு, பந்தியில ஐஸ்கிரீம் உருகினது வரைக்கும் என்கிட்ட ஒப்பிச்ச. ஒரு பத்திரிகை அனுப்பணும்னு தோணுச்சா? நான் வந்தா உன் வீட்டுச் சோறு தீந்துருமா?"

திண்டுக்கல் வெடித்தது.

"யாரப் பாத்து என்ன கேக்குற? மேடம்னு கூப்புடு, சொந்தம் கொண்டாடாதேன்னு சொன்னது யாரு, நானா நீயா? பத்திரிகையில மொதப் பேரு ஒனக்குத்தான்டி எழுதுனேன். வாசுகி லோகநாதன் குடும்பத்தாருன்னு. விலாசம் கேட்டா உனக்கு நோட்டீஸ் வந்துரும்னு பயந்துக்கிட்டு பீரோவுல வச்சிருக்கேன். வந்து பாரு. வந்து பாத்துட்டுப் பேசு."

88. 91. 94.

காதுக்குள் இருந்த குரல் ஒன்றும் சொல்லாமல் விலகிக்கொண்டது.

"அக்கா, மாஸ்க்கைக் கழட்டு. உடனே. அதுல மூச்சு வெளிய போக வழியில்ல. அவரு தூங்கல, மயக்கத்துல இருக்காரு."

மழை பெய்யவில்லை. செருப்பில்லாத கால்கள் ஓடும் சத்தம் கேட்டது. பட்டையைப் பிய்க்கும் சத்தம். பெயர் சொல்லி எழுப்பும் குரல், மறுபடி, மறுபடி. வாசுகி கன்னத்தில் தட்டச் சொன்னாள், சன்னலைத் திறக்கச் சொன்னாள், பக்கத்து வீட்டு ஆளை விட்டு ஆம்புலன்ஸுக்குப் போடச் சொன்னாள். ஒருக்களித்துப் படுக்க வை என்றாள். காத்திருந்த நேரத்தில் ஸ்டெல்லாவின் பதற்றத்தைக் குறைக்க எதையாவது பேச வேண்டியிருந்தது. குபேரா மாஸ்க் வரும் வரை பெட்டகத்தில் பழைய மாதிரி ஒன்று எண்ணூறு ரூபாய்க்கு இருக்கிறது, இந்த டக்கர்க்காரன் பெட்டியைத் தூக்கிக் குப்பையில் போடு என்றாள். அறிவிப்பு, விலை, இரண்டு கடை, மூன்றாவது கடை. மீறாத விதி ஒன்றுகூடப் பாக்கியில்லை.

"கண்ணு தொறந்துட்டாரு," என்றாள் ஸ்டெல்லா. "வாசுகி, கண்ணு தொறந்துட்டாரு. எதுக்குடி கத்துறங்கிறாரு."

மூன்று மணிக்கு எங்கே உட்காருவது என்று வாசுகிக்குத் தெரியவில்லை. கடைசியில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தாள். அது எந்தக் கடையும் இல்லை. திரையில் வந்த விசாரணை அதிகாரிக்கு முப்பது வயதிருக்கும். மாதவராஜ் என்று பெயர் சொன்னார். மூன்று கடைகளுக்கும் பொதுவாக விதிமீறல்களைப் பார்க்கும் இணக்கப் பிரிவு. மரியாதையான ஆள்.

காலைப் பேச்சு முழுவதும் படித்துவிட்டதாகச் சொன்னார். மதியம் ஆஸ்பத்திரியில் ஸ்டெல்லாவிடமும் விசாரித்தார்களாம். வாசுகி உங்களுக்கு யார் என்று கேட்டதற்கு, 'என் தங்கச்சி, அதுல உனக்கென்ன' என்று பதில் வந்ததாம். அதை அப்படியே பதிவு செய்திருந்தார்கள்.

"அவர் எப்படியிருக்கார்?" என்று கேட்டாள் வாசுகி.

"அது எங்க கேள்வியில இல்லீங்க மேடம்." மாதவராஜ் திரைக்கு வெளியே ஒருமுறை பார்த்தார். "நல்லா இருக்காராம். நாளைக்கு வீட்டுக்கு அனுப்பிருவாங்களாம்."

பிறகு, பொதுவாக விசாரணையில் சொல்லாத ஒன்றைச் சொன்னார். எண்பத்து மூன்றிலேயே நின்றிருந்தால் எச்சரித்து விட்டிருப்பாராம். வாரத்துக்கு நாற்பது பேரை அப்படி விடுகிறாராம். தொண்ணூற்று நாலுக்கு அவர் கையில் ஒன்றுமில்லை. எட்டு மாதமாக உறவினருக்குச் சுட்டி கொடுத்ததாகத்தான் ஆகும்.

லோகநாதன் மேஜையின் மறுபக்கத்திலிருந்து குரல் கொடுத்தான். "அந்த மாஸ்க்கை நிறுத்தியாச்சா தம்பி?"

"பதினொன்றரைக்கே பக்கத்தை எடுத்துட்டாங்க சார்."

"ஏற்கெனவே வாங்கினவங்களுக்கு?"

"புகார்ப் பிரிவுலேர்ந்து மெயில் போகும்."

"எப்போ?"

"ஏழு வேலை நாளுக்குள்ள," என்றார் மாதவராஜ். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் பேனாவை மூடி, திறந்து, மறுபடி மூடினார்.

வாசுகி அந்த மாஸ்க்கை ஸ்டெல்லாவைத் தவிர வேறு யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் கோவையில் தெருவுக்கு நாலு சுட்டிக்காரிகள் உண்டு. மேஜைக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு சனிக்கிழமைக் குழுவுக்கு எழுதினாள்: டக்கரின் புது மூச்சு மாஸ்க்கை யாருக்காவது சொல்லியிருந்தால் அவர்களை உடனே கூப்பிடுங்கள். பலகையில் கீழேயிருந்து மேலே போங்கள். முதல் வரியை விடாதீர்கள். கணக்குப் போகும். என்னுடையது போய்விட்டது.

இருபது பேரும் படித்துவிட்டதாகக் குறி வந்தது. ஒருவரும் பதில் எழுதவில்லை. ஐந்து மணிக்குள் நாலு பேருக்கு, நெருக்கம் ஏறியதற்காக, நோட்டீஸ் வந்துவிட்டதாகப் பிறகு தெரிந்தது.

மாதவராஜ் கையெழுத்துக்கான பக்கத்தை அனுப்பினார். அவள் விரலை வைத்தாள்.

"கடைசியா ஒண்ணு மேடம். உங்களுக்குச் சேர வேண்டிய பங்கு ஒண்ணு நிலுவையில இருந்துச்சு. இன்னைக்குத்தான் சரிபார்த்து முடிச்சாங்க. பெட்டகம், வாட்டர் ஹீட்டர். தை மாசம் அவிநாசியில நேர்ல பேசியிருக்கீங்க. அன்னைக்கு ராத்திரியே வாங்கிட்டார். பேரு தினகரன், ஓசூர். உறவில்லைன்னு உறுதியாகி அனுமதிச்சாச்சு. நூத்திப் பன்னெண்டு ரூபா."

வாசுகி நிமிர்ந்தாள். "நெருக்கம் எவ்வளவுன்னு போட்டிருக்கு?"

"ஒன்பது."

"அவன் என் தம்பிங்க."

மாதவராஜ் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். உண்மையாகவே தேடினார். "சிஸ்டத்துல அப்படி இல்லீங்களே மேடம். காலையில தலையணை பேசினீங்களே, கரூர் சாரு, அவருக்கே இருபத்திரண்டு இருக்கு."

திரை அணைந்தது. லோகநாதன் எழுந்துபோய்க் காபி போட்டான். வாசுகி நகத்தால் பொட்டைப் பெயர்த்து மேஜையில் வைத்தாள். ஆறு வருஷம் மூடியிருந்த இடம் ஈரமாக, விரலுக்குப் புதிதாக இருந்தது.

போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். திரும்பினாள். சமையலறையில் லோகநாதன் நின்றான். சோபாவைப் பார்த்தாள். பிறகு கதவைத் திறந்து வெளியே போய், அபார்ட்மென்ட் மாடிப்படியில் உட்கார்ந்து தம்பி நம்பரை அழுத்தினாள்.

ஐந்தாவது மணியில் எடுத்தான். பின்னால் தொழிற்சாலைச் சத்தம்.

"சொல்லுங்க," என்றான்.

மாலை நாலே முக்கால். அந்த நேரத்தில் யாரும் சாப்பிடுவதில்லை. "சாப்டியாடா?" என்றாள்.

அந்தப் பக்கம் சத்தம் குறைந்தது. எங்கேயோ கதவுக்கு வெளியே வந்துவிட்டான் போல. குரலைத் தாழ்த்திக்கொண்டு, யாரோ கேட்டுவிடப் போகிறார்கள் என்பது போல வேகமாகச் சொன்னான்.

"அக்கா, அந்த அறிவிப்பைச் சொல்லாமயே ஆரம்பிச்சுட்ட. சாப்டியான்னு வேற கேக்கற. உனக்கு நோட்டீஸ் வந்துரும். வெச்சிடு."